ஆன்டிலோப் கேன்யன்: முதல் முறையாகக் கேமராவோடு போகிறவர்களுக்கு

முதல் தடவை போனபோது நான் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் ஒரே குறைதான். மேலே ஒரு வெள்ளைத் திட்டு, கீழே கரி. பார்த்து வாய்பிளந்த அந்த ஆரஞ்சு நிறம் ஒன்றில்கூட இல்லை. கேமராவின் மேல் தப்பில்லை. இருட்டுப் பாறைக்குள் நின்றுகொண்டு நான் பட்டனைத் தேடினேன், அதற்குள் பின்னால் அடுத்த குழு வந்துவிட்டது. அதனால் இந்த விளக்கத்தில் முக்கால்வாசி வேலை உள்ளே நுழைவதற்கு முன்பே முடிந்துவிடும்.

1. மேலா, கீழா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பேஜ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் நவஹோ மக்களின் நிலத்தில் இருக்கிறது இந்தக் குறுகிய பள்ளத்தாக்கு. 1997 முதல் அது நவஹோ பழங்குடிப் பூங்கா. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

மேல், கீழ் என இதில் தனித்தனியாக இரண்டு பகுதிகள். மேல் பகுதியை நவஹோ மொழியில் 'பாறைகளின் ஊடே தண்ணீர் ஓடும் இடம்' என்கிறார்கள். பள்ளத்தாக்குக்குள் தரைமட்டத்திலேயே நடக்கலாம், ஏணி ஏற வேண்டாம்; திரும்பும் வழியில்தான் படிக்கட்டுகள் உண்டு. கீழே அகலமாக இருந்து மேலே போகப்போகக் குறுகுவதால் உள்ளே இருட்டு அதிகம். மேல் இடுக்கு வழியாகத் தூண்போல் இறங்கும் அந்தப் பேர்பெற்ற ஒளிக்கற்றை விழுவதும் இங்கேதான். 'சுருள் பாறை வளைவுகள்' என்று பெயர் கொண்ட கீழ்ப் பகுதி நேர்மாறு: மேலே விரிந்து, கீழே கால் வைக்க இடம் தேடும் அளவுக்கு ஒடுங்கும். செங்குத்தான இரும்பு ஏணிகளும் உண்டு.

ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கூட்டிப்போவதானால், முழங்காலை நினைத்து மேல் பகுதிக்கே போங்கள். படம் எடுத்துப் பழகத்தான் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு கீழ்ப் பகுதிக்கு. வெளிச்சம் கூடுதல் என்பதால் தவறுகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

2. நேரம் பார்த்து முன்பதிவு

ஒளிக்கற்றை வேண்டுமானால் மார்ச் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரை, உச்சிவெயில் நேரம். அந்த நேரத்து டிக்கெட் விலையும் அதிகம், கூட்டமும் அதிகம், சீக்கிரம் தீர்ந்தும்விடும்.

இங்கே ஒரு கடிகாரக் குழப்பம் உண்டு. கோடையில் நவஹோ நிலம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும், அரிசோனா தள்ளாது. பேஜ் சுற்றுலாக்காரர்கள் அரிசோனா நேரத்தைத்தான் பின்பற்றுகிறார்கள். உங்கள் போனோ எந்தக் கோபுரத்தின் சிக்னல் கிடைக்கிறதோ அதன் பேச்சைக் கேட்கும். போனில் நேர மண்டலத்தைக் கையால் 'ஃபீனிக்ஸ்' என்று வைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் லாஸ் வேகஸிலிருந்து காரில் வருகிறவர்கள் வழியில் ஒரு மணி நேரத்தை இழப்பார்கள். அதையும் கணக்கில் சேருங்கள்.

வானம் நீலமாக இருக்கும்போதே 'இன்று சுற்றுலா ரத்து' என்று சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ்ப் பகுதியில் புகுந்த திடீர் வெள்ளத்தில் 11 பயணிகள் இறந்தார்கள். மழை கொட்டியது பல மைல் தள்ளி, மேட்டு நிலத்தில்.

3. வாசலிலேயே கேமராவைத் தயார் செய்யுங்கள்

வழக்கமான சுற்றுலாவில் முதுகுப்பை, ட்ரைபாட், செல்ஃபி ஸ்டிக் எதற்கும் அனுமதி இல்லை. ஒரு கேமரா, ஒரு அகலக்கோண லென்ஸ், அவ்வளவுதான். மேலிருந்து மாவு போல மணல் உதிர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே லென்ஸை மாற்றவே கூடாது.

செட்டிங்: ரா ஃபார்மட் (பிறகு திருத்த வசதியாக எல்லா விவரத்தையும் சேமிக்கும் கோப்பு). அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 4 அல்லது 5.6. ஷட்டர் வேகம் 1/60 நொடியைவிட மெதுவாகாதபடி பார்த்துக்கொண்டு, ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறன்) ஆட்டோவில் விடுங்கள், 3200 வரை போகட்டும். எக்ஸ்போஷரை (படத்தின் மொத்த வெளிச்சம்) ஒரு படி குறைத்துவிடுங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை மட்டும் ஆட்டோவில் விடாதீர்கள். இத்தனை சிவப்பைப் பார்த்ததும் கேமரா 'ஏதோ தப்பு' என்று நினைத்துச் சாம்பலாக்கிவிடும். 'மேகமூட்டம்' என்ற நிலை சரியாக இருக்கும்.

போனில் எடுப்பவர்கள் பாறையின் பளிச்சென்ற இடத்தில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுக்க வேண்டும்.

4. உள்ளே

முதல் விதி: படத்தில் வானம் வரக்கூடாது. என் வெள்ளைத் திட்டுகள் எல்லாம் வானம்தான்.

சூரியன் நேராக விழும் இடத்தை விட்டுவிட்டு, அதற்கு எதிர்ச்சுவரைப் பாருங்கள். ஒளி ஒரு சுவரில் பட்டு எதிர்ச்சுவருக்குத் தாவும்போது பாறை நீலத்தை விழுங்கிவிட்டு ஆரஞ்சைத் திருப்பி அனுப்புகிறது. அந்தத் தாவல் எட்டாத மடிப்புகளில் வானத்தின் நீலம் மட்டும் கசிந்து ஊதாவாகத் தெரியும். ஆரஞ்சு ஊதாவாக மாறும் அந்த எல்லையில்தான் நல்ல படம் இருக்கிறது.

கிட்டப் போய்ப் பார்த்தால் சுவரில் சீப்பால் வாரியதுபோல மெல்லிய கோடுகள். சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் இது மணல்மேடு. காற்று அடுக்கிய சரிவுகள்தான் அந்தக் கோடுகள். சாய்வாக ஒளி விழும் இடத்தில் அவை புடைத்து நிற்கும்.

கூட்டத்துக்கு ஒரு எளிய வழி: கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, தலைகளுக்கு மேலே குறிவையுங்கள், வானத்துக்கு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும், மூச்சைப் பிடித்து மூன்று முறை அழுத்துங்கள். ஒன்றாவது ஆடாமல் வரும்.

ஒளிக்கற்றைக்கு ஒரு நிமிடம் போதும். கற்றையின் வெளிச்சத்துக்கே எக்ஸ்போஷர் வையுங்கள், சுற்றியிருப்பது இருண்டால் பரவாயில்லை. கற்றை பளிச்சென்று தெரிவதற்காக யாராவது மணலை அள்ளித் தூவினால் முதலில் லென்ஸை மூடுங்கள்.

5. வெளியே வந்ததும்

வழிகாட்டிக்கு டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம். 'அஹெஹே' என்றால் நவஹோவில் நன்றி. சொன்னால் முகம் மலரும்.

அப்புறம் கேமரா. லென்ஸைச் சட்டையால் துடைக்காதீர்கள், மணல் கீறிவிடும். அறைக்குப் போய், ஊதும் பந்தால் வெளிப்பக்கம் முழுக்க ஊதி, இடுக்குகளைப் பிரஷ்ஷால் தட்டிய பிறகே லென்ஸைக் கழற்றுங்கள். ஜூம் வளையம் கரகரத்தால் வலுக்கட்டாயமாகத் திருப்ப வேண்டாம், இன்னொரு முறை ஊதிப் பாருங்கள்.