ஃபார் க்ரை 3 கேம்: தீவில் ஜீப் திக்காமல் ஓட எனக்குச் சரிவந்த செட்டிங்

கொழும்பு வெக்கையில் லப்டொப் சூடேறினால் ஜிபியூ (படத்தை வரையும் சிப்) தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேம் நடக்கும் ரூக் தீவுகளின் அடர்காட்டில் ஜீப்பை விரட்டும்போது அது பளிச்சென்று தெரியும்: ஸ்டியரிங்கைத் திருப்பி அரைக்கணம் கழித்தே வண்டி திரும்பும்.

முதலில் எம்எஸ்ஏஏயை (உருவங்களின் ஓரங்களை வழுவழுப்பாக்கும் வசதி) நிறுத்தினேன். இலையும் புல்லும் நிறைந்த இடத்தில் ஜிபியூவைப் பிழிவது அதுதான். அடுத்து, வீடியோ செட்டிங்கில் 'ஜிபியூ மேக்ஸ் பஃபர்ட் ஃப்ரேம்ஸ்' (முன்கூட்டியே வரிசையில் நிற்கும் ஃப்ரேம்களின் எண்ணிக்கை) என்பதை 1 ஆக்கினேன். ஸ்டியரிங்கின் பின்னடைவு அதோடு போயிற்று. 60 ஹேர்ட்ஸ் திரையில் வி-சிங்க்கை (ஃப்ரேம் வேகத்தைத் திரையோடு ஒத்துப்போகச் செய்வது) போட்டால் நொடிக்கு ஃப்ரேம் 60ஐத் தாண்டாது, சூடும் குறையும். நிழலை மீடியமாக்கலாம், செடிகொடி செட்டிங்கில் கைவைக்காதீர்கள், தீவின் அழகே அதுதான்! ஃபேனில் தூசு அடைத்திருந்தால் மட்டும் எந்த செட்டிங்கும் உதவாது, முதலில் அதைத் துடையுங்கள்.

படம் திக்காமல் ஓடுகிறதா என்று சரிபார்க்க, கேமில் உள்ள 18 ரேடியோ கோபுரங்களில் ஒன்றின் உச்சியில் நின்று மெதுவாக ஒரு சுற்றுத் திரும்புங்கள்.