தானமா வர்ற கல்லீரல்ல பித்தக்குழாய காப்பாத்துறது எப்படி

கல்லீரல் மாத்துற ஆபரேஷன் நல்லா முடிஞ்சு வீட்டுக்குப் போன பேஷண்ட், ரெண்டு மூணு மாசம் கழிச்சு கண்ணெல்லாம் மஞ்சளா திரும்பி வர்றத பாத்திருக்கேன், மனசே கேக்காது. ஸ்கேன் எடுத்தா கல்லீரலுக்குள்ள பித்தக்குழாய் அங்கங்க சுருங்கிக் கெடக்கும். இதுக்கு வித்து பல நேரம் டோனர்கிட்ட எடுக்கும்போதே விழுந்துடுது, அதான் ரிட்ரீவலுக்கு, அதாவது டோனர்கிட்டேந்து உறுப்ப எடுக்குற வேலைக்கு, புதுசா வர்றவங்களுக்காக இத எழுதுறேன்.

கல்லீரலுக்கு ரத்தம் முக்கால்வாசி குடல்லேந்து வர்ற போர்ட்டல் வெயின்ல வருது, மீதி கல்லீரலோட தமனியான ஹெபாட்டிக் ஆர்ட்டரில. பித்தக்குழாய் பொழைக்கிறது பெரும்பாலும் அந்த ஆர்ட்டரிய நம்பித்தான். அதனால குழாய சுத்தி இருக்கிற சதைய உரிச்சு சுத்தம் பண்ணாதீங்க, அந்த மெல்லிசான ரத்தநாளமெல்லாம் அதுலதான் ஓடுது. அறுக்கும்போது கரெண்ட் வச்சு பொசுக்காம கத்திரியால வெட்டுங்க.

அடுத்தது பித்தம், இதத்தான் அவசரத்துல நெறைய பேர் அரைகுறையா பண்றாங்க. உள்ள தேங்குற பித்தத்துல இருக்கிற உப்பு, குளிர்ல அடிபட்டுக் கெடக்குற உள்தோல அரிச்சுடும். பித்தப்பைய கீறி காலி பண்ணுங்க, சில்லுன்னு சொல்யூஷன விட்டு அலசுங்க, அப்புறம் குழாய்க்குள்ளயும் சிரிஞ்சுல மெதுவா விடுங்க, வேகமா அழுத்தக் கூடாது. மொதல்ல பச்சையும் மஞ்சளுமா வரும், அப்புறம் வெளிறும், கண்ணாடி மாதிரி வர்ற வரைக்கும் விடாதீங்க.

உறுப்ப கெடாம வைக்கிற யூடபிள்யூ சொல்யூஷன் கொஞ்சம் கொழகொழன்னு இருக்கும், சின்ன நாளத்துக்குள்ள சுலபமா போகாது, அதனால வெளிய எடுத்த கல்லீரல வச்சு தயார் பண்ற பேக் டேபிள்ல ஆர்ட்டரி வழியா இன்னொரு தடவ ஃப்ளஷ் பண்றது நல்லது. கல்லீரல் சொல்யூஷன்ல முங்கியிருக்கணும், பைக்குள்ள காத்து இருக்கக் கூடாது, மூணு பை போட்டு கட்டுங்க, ஐஸ் நேரா மேல படவே கூடாது.

இதயம் நின்னப்புறம் எடுத்த கல்லீரல்னா ஆபத்து இன்னும் ஜாஸ்தி, ஏன்னா குளிர வைக்கிறதுக்கு முன்னாடியே சூட்டோட ரத்தமில்லாம கெடந்துருக்கு. கல்லீரலுக்குள்ள சொல்யூஷன ஓட்டுற மெஷின் வசதி இருந்தா பதிய வைக்கிறதுக்கு முன்னாடி 10 டிகிரி பக்கத்துல ஆக்சிஜனோட ரெண்டு மணி நேரம் ஓட்டுங்க. 2021ல வெளியான நெதர்லாந்து தலைமையிலான ஆய்வுல, இந்த மாதிரி கல்லீரல்ல குழாய் சுருக்கத்தால அவதிப்பட்டவங்க 18 சதவீதத்துலேந்து 6 சதவீதமா கொறஞ்சாங்க.

மெஷின் இல்லன்னா நேரம்தான் கையில இருக்கு, ஒவ்வொரு அரை மணி நேரமும் முக்கியம், வண்டி கெளம்புறப்பவே கல்லீரல பதிய வைக்கிற டீமுக்கு போன் போட்டுடுங்க. யூடபிள்யூல பொட்டாசியம் ஜாஸ்தி, அதனால ரத்தம் விடுறதுக்கு முன்னாடி கழுவி வெளியேத்தணும், இல்லன்னா பேஷண்டோட இதயமே நின்னுடலாம். போர்ட்டல் வெயின் தொறந்து கல்லீரல் செவந்ததும் நிம்மதியாகி ஆர்ட்டரிய தள்ளிப் போடாதீங்க, குழாய் இன்னும் பட்டினியாத்தான் கெடக்கு.