ஒன்ராறியோவில் வெளிநாட்டு ட்ரக் சாரதியை வேலைக்கு எடுப்பது எப்படி: சிறு நிறுவன உரிமையாளருக்கு ஒரு வழிகாட்டி

ரொறன்ரோப் பெரும்பாகத்தில் இரண்டு முதல் பத்து ட்ரக் வரை வைத்து நடத்தும் தமிழ் உரிமையாளர்களுக்காக இதை எழுதுகிறேன். முற்றத்தில் சும்மா நிற்கிற ட்ரக்குக்கும் மாதத் தவணையும் காப்புறுதிப் பணமும் போய்க்கொண்டுதான் இருக்கும். அதனால் சாரதி கிடைக்காத மூன்றாம் மாதத்தில், ‘ஊரிலிருந்து ஒருவரை எடுப்பிப்போமா’ என்ற யோசனை அநேகமாக எல்லோருக்கும் வருகிறது. அந்த யோசனையில் பிழையில்லை. ஆனால், வருகிறவர் எந்த நாளில் சட்டப்படி ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம் என்பதை முதலில் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிய பின்னரே விண்ணப்பப் படிவத்தைத் திறக்க வேண்டும். இப்படி எண்ணிப் பார்த்த பலர் திட்டத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

உரிமமும் காப்புறுதியும்

டிராக்டர்-டிரெயிலர் ஓட்ட ஒன்ராறியோவில் ‘ஏ’ வகுப்பு உரிமமும், காற்றுப் பிரேக்குக்கான ‘இசட்’ அங்கீகாரமும் வேண்டும். இரண்டையும் சேர்த்து ஏஇசட் என்கிறோம். 2017 ஜூலை 1 முதல், இந்த உரிமத்துக்கு முதன்முறை வீதிச் சோதனைக்குப் போகிறவர் குறைந்தது 103.5 மணித்தியாலக் கட்டாயப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். இலங்கையிலோ இந்தியாவிலோ பெற்ற கனரக வாகன உரிமத்தை இங்கே நேரடியாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. நாமக்கல்லிலிருந்து இருபது ஆண்டு லொறி ஓட்டியவர் வந்தாலும் முதலில் சாதாரணக் கார் உரிமமான முழு ‘ஜி’ வகுப்பைப் பெற்று, அதன் பிறகே ‘ஏ’ வகுப்புக்குப் போக முடியும்.

இந்த இடைவெளியைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஊரில் உரிமம் வழங்கிய அலுவலகத்திலிருந்து, அதாவது இலங்கையில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலிருந்தோ இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்தோ, இத்தனை ஆண்டு உரிமம் வைத்திருந்தார் என்ற உறுதிக் கடிதத்தைப் பெற்று வந்தால், எழுத்துச் சோதனையும் கண் சோதனையும் முடித்த கையோடு ‘ஜி’ வீதிச் சோதனைக்கு விண்ணப்பிக்கலாம். கடிதம் இல்லாதவர் காத்திருக்க வேண்டும். விமானமேறிய பின் இந்தக் கடிதத்துக்கு உறவினர்களை வரிசையில் நிற்க வைப்பது பெரும்பாடு. நேர்முகம் முடிந்த அன்றே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வேலை அனுமதிப் பத்திரம் ட்ரக் சாரதி வேலைக்கென்று வழங்கப்படுகிறது. உரிமம் வரும்வரை அவரைக் களஞ்சியத்தில் பெட்டி தூக்க வைத்தால், வாக்களித்த வேலையைக் கொடுக்காத தொழில்தருநர் ஆகிவிடுகிறீர்கள். வேலை கொடுக்காமல் வீட்டில் இருக்கச் சொன்னாலும் அதே பிழைதான்.

அடுத்தது காப்புறுதி. பல நிறுவனங்கள் வட அமெரிக்காவில் இரண்டு அல்லது மூன்று ஆண்டு ஓடிய அனுபவத்தைக் கேட்கின்றன. ஊர் அனுபவத்தை அவை கணக்கில் எடுப்பதில்லை. விளம்பரம் போடுவதற்கு முன், இப்படிப்பட்ட ஒருவரை உங்கள் பொலிசியில் சேர்க்க முடியுமா, எவ்வளவு கூடும் என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்ன ‘பார்க்கலாம்’ என்ற பதிலை நம்பி எதையும் தொடங்க வேண்டாம்.

இந்த இரண்டையும் கணக்கில் எடுத்தால் நான் முதலில் தேடச் சொல்வது, ஏற்கெனவே கனடாவுக்குள் இருந்து ஏஇசட் உரிமம் வைத்திருப்பவர்களை. திறந்த வேலை அனுமதி வைத்திருக்கும் வாழ்க்கைத் துணைவர்கள், படித்து முடித்த மாணவர்கள், அகதிக் கோரிக்கை முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் ஆகியோரை எடுக்க மத்திய அரசின் மதிப்பீடு எதுவும் தேவையில்லை. அனுமதிப் பத்திரத்தின் திகதியையும், அதில் எழுதியிருக்கும் நிபந்தனைகளையும் ஒரு முறை வாசித்தால் போதும்.

எந்தப் பிரிவில் விழுகிறீர்கள்

அப்படி ஒருவரும் கிடைக்காத நிலையில்தான் மேலே சொன்ன மத்திய அரசின் மதிப்பீட்டுக்கு, அதாவது உள்ளூரில் ஆள் இல்லை என்று காட்டிப் பெற வேண்டிய எல்எம்ஐஏ எனப்படும் தொழிற்சந்தைத் தாக்க மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். ஒரு பணியிடத்துக்கு 1,000 டொலர் கட்டணம். மறுக்கப்பட்டால் பணம் திரும்பி வராது. ட்ரக் சாரதி வேலையின் தேசியத் தொழில் குறியீடு 73300.

நீங்கள் கொடுக்கப்போகும் மணித்தியாலச் சம்பளம், மாகாணத்துக்கென அரசு வைத்திருக்கும் எல்லைக்கு மேலா கீழா என்பதே அடுத்த கேள்வி. 2024 நவம்பர் 8 முதல் அந்த எல்லை மாகாண இடைநிலைச் சம்பளத்தை விட 20 விழுக்காடு கூடுதலாக வைக்கப்பட்டதால், முன்னர் உயர் சம்பளப் பிரிவில் இருந்த பல சாரதி வேலைகள் குறைந்த சம்பளப் பிரிவுக்குள் விழுந்துவிட்டன. 2024 செப்டம்பர் 26 முதல், வேலையின்மை 6 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள பெருநகரப் பகுதிகளில் குறைந்த சம்பள விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதும் நிறுத்தப்பட்டது. கட்டுமானம், உணவு பதப்படுத்தல், மருத்துவம் போன்ற சில துறைகளுக்கு விலக்கு உண்டு. பாரப் போக்குவரத்துக்கு இல்லை.

எந்தப் பகுதிகள் மூடியிருக்கின்றன என்ற பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறும். பட்டியலைப் பார்க்கையில் ஊர்ப் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஏஜாக்ஸும் பிக்கரிங்கும் டூரம் வட்டாரத்தைச் சேர்ந்தவை என்றாலும் புள்ளிவிபரக் கணக்கில் ரொறன்ரோப் பெருநகரப் பகுதிக்குள் வருகின்றன. பக்கத்திலுள்ள விற்பி ஒஷாவாப் பகுதிக்குள் போகிறது. பிரம்ப்டனும் மார்க்கமும் ரொறன்ரோவுக்குள்தான். எல்லைக்கு மேலான சம்பளம் கொடுத்து உயர் சம்பளப் பிரிவில் விண்ணப்பித்தால் இந்தத் தடை உங்களைத் தொடாது. அவ்வளவு கொடுக்க முடியுமென்றால், அதே சம்பளத்தை முதலில் உள்ளூர் விளம்பரத்தில் போட்டுப் பாருங்கள் என்பது என் கருத்து. கிடங்கு வாசலில் நாலு மணித்தியாலம் காத்திருப்பதற்குக் காசு கொடுக்காத நிறுவனங்கள் ‘ஆள் பஞ்சம்’ என்று சொல்வதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

குறைந்த சம்பளப் பிரிவு திறந்திருக்கும் பகுதியில் இருந்தால், அனுமதி ஓராண்டுக்கே கிடைக்கும். பொதுவாகப் பணியாளர் தொகையில் 10 விழுக்காட்டுக்கு மேல் இப்படி எடுக்க முடியாது. போக வரப் பயணச் செலவும், மாகாண மருத்துவக் காப்புறுதி தொடங்கும்வரை தனியார் மருத்துவக் காப்புறுதியும் உங்கள் பொறுப்பு. கட்டுப்படியான தங்குமிடம் இருப்பதையும் நீங்கள் காட்ட வேண்டும். மேலே சொன்ன உரிமக் கணக்கை இந்த ஓராண்டோடு சேர்த்துப் பாருங்கள்: நேராக ஊரிலிருந்து வருபவர் உண்மையில் எத்தனை மாதம் ஓடுவார்?

விளம்பரம்

விண்ணப்பம் போவதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் குறைந்தது நான்கு வாரம் தொடர்ச்சியாக விளம்பரம் இருக்க வேண்டும். அரசின் வேலைவாய்ப்புத் தளமான ஜொப் பாங்கும், அதைத் தவிர வேறு இரண்டு வழிகளும் கட்டாயம். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனம் மூன்றாவது வழியாகப் பயன்படுத்திய தளத்தில் விளம்பரம் 21 நாளோடு தானாகவே மறைந்துவிட்டது, ஒருவரும் கவனிக்கவில்லை, ஆயிரம் டொலரோடு மூன்று மாதமும் போனது. அன்றிலிருந்து நான் சொல்வது, விளம்பரம் போட்ட நாளும் அதன்பின் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மூன்று பக்கங்களையும் திகதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள்.

விளம்பரத்தில் ‘தமிழ் தெரிந்திருக்க வேண்டும்’ என்று எழுதும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. ஆங்கிலமும் பிரெஞ்சும் தவிர்ந்த மொழியைத் தகுதியாகக் கேட்டால், அந்த வேலைக்கு அது ஏன் இன்றியமையாதது என்று நிறுவ வேண்டும். சாரதிகளுக்கு ஓட்டங்களை ஒதுக்கும் டிஸ்பாச்சர் தமிழர் என்பது காரணமாகாது. உள்ளூரில் விண்ணப்பித்த ஒவ்வொருவரையும் எப்போது அழைத்தீர்கள், ஏன் எடுக்கவில்லை என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ‘பொருத்தமில்லை’ என்ற ஒற்றைச் சொல்லை அதிகாரி ஏற்க மாட்டார். ‘ஏஇசட் உரிமம் இல்லை’ என்பதை ஏற்பார்.

காசு யாருடைய பையிலிருந்து

எல்எம்ஐஏ கட்டணத்தையோ ஆளெடுக்கும் செலவையோ சாரதியிடமிருந்து நேரடியாகவும் வாங்க முடியாது, சம்பளத்தில் பிடித்தும் மீட்க முடியாது. மத்திய விதிகள் மட்டுமல்ல, வெளிநாட்டுப் பணியாளர்களைப் பாதுகாக்கும் ஒன்ராறியோச் சட்டமும் இதைத் தடுக்கிறது. கடவுச்சீட்டை வாங்கி அலுவலக லாச்சியில் வைப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. ‘தொலைத்துவிடுவான், பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வாங்கி வைத்தேன்’ என்பது பரிசோதகர்கள் பல முறை கேட்ட கதை.

ஆளெடுக்கும் முகவரை வைத்தால், 2024 ஜூலை 1 முதல் ஒன்ராறியோவில் அவருக்கு உரிமம் வேண்டும். உரிமமற்றவரைப் பயன்படுத்தும் தொழில்தருநரும் குற்றவாளியாகிறார். உங்கள் முகவர் ஊரில் உள்ள குடும்பத்திடம் பணம் வாங்கியிருக்கிறாரா என்று சாரதியிடமே நேரில் கேளுங்கள். எல்எம்ஐஏ கடிதத்துக்கு விலை பேசுகிறவர்கள் சமூகத்துக்குள்ளேயே இருக்கிறார்கள் என்பது நாம் அறியாத விடயமல்ல. விதிமீறலுக்கு ஒரு தடவைக்கு 100,000 டொலர் வரை தண்டமும், திட்டத்திலிருந்து நீக்கமும் உண்டு. நீக்கப்பட்ட நிறுவனத்தின் பெயர் பொதுப் பட்டியலில் ஏறும். கொடுமைக்குள்ளான சாரதி, 2019 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாட்டின்படி திறந்த வேலை அனுமதி கேட்டு உங்களை விட்டு விலகவும் முடியும்.

நிரந்தர வதிவிடத்தைச் சம்பளத்தின் ஒரு பகுதிபோல வாக்களிக்க வேண்டாம். நிரந்தர வதிவிடத்துக்கு ஆட்களைப் புள்ளி போட்டுத் தெரிவுசெய்யும் விரைவு நுழைவுத் திட்டத்தில் (எக்ஸ்பிரஸ் என்ட்ரி) போக்குவரத்துத் தொழில்களுக்கென இருந்த பிரிவு 2025 பெப்ரவரியில் நீக்கப்பட்டது. வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கிடைத்த மேலதிகப் புள்ளிகள் அடுத்த மாதமே போய்விட்டன.

ஒப்பந்தம்

கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பிரதியை வேலை தொடங்கும் முன்பே சாரதியிடம் கொடுக்க வேண்டும். மைலுக்கு இவ்வளவு என்று நீங்கள் கொடுத்தாலும், எல்எம்ஐஏயில் சொன்ன மணித்தியாலச் சம்பளத்துக்குக் குறையாமல் வருகிறதா என்று ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ‘உன் பெயரில் ஒரு கம்பனி திற, அதன் பெயரில் எனக்கு விலைச்சீட்டு அனுப்பு’ என்ற வழி இந்தச் சாரதிகளுக்கு அறவே பொருந்தாது. அவர் உங்கள் ஊழியர். ஆண்டு முடிவில் டி4 என்ற சம்பள வரிச் சீட்டைக் கொடுக்க வேண்டும். பதிவேடுகளை ஆறு ஆண்டு வைத்திருங்கள். பரிசோதனைக்கு முன்னறிவித்தல் இல்லாமலும் வருவார்கள்.

மாகாண எல்லை தாண்டி வழமையாக ஓடும் நிறுவனம் மத்திய அரசின் தொழிற்சட்டமான கனடாத் தொழிற்கோவையின் கீழ் வரும். ஒன்ராறியோவுக்குள் மட்டும் ஓடுவது மாகாணச் சட்டத்தின் கீழ். நெடுந்தூரச் சாரதிக்கு இரண்டிலும் வாரத்தில் 60 மணித்தியாலத்துக்குப் பிறகு மேலதிகநேரக் கொடுப்பனவு தொடங்குகிறது. நகருக்குள் ஓடுபவர்களுக்குக் கணக்கு வேறு.

உங்கள் ஓட்டம் பெரும்பாலும் வின்ட்சர் தாண்டி டெற்றோயிற்றுக்கு என்றால் இன்னொரு முறை யோசியுங்கள். கனடிய வேலை அனுமதி அமெரிக்க எல்லையில் எதையும் தராது. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தனி விசா வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளர் மார்கோ ரூபியோ வர்த்தக ட்ரக் சாரதிகளுக்கான தொழிலாளர் விசாக்களை நிறுத்துவதாக அறிவித்தார். ஆங்கிலம் போதாத சாரதியை வீதியோரத்திலேயே இறக்கும் நடைமுறையும் அங்கே அதே ஆண்டு ஜூனில் வந்தது. புதியவரை மொன்றியல், சட்பரி ஓட்டங்களுக்கென்றே எடுப்பதுதான் பாதுகாப்பு.

தனியே அனுப்பும் முன்

2018 ஏப்ரல் 6 அன்று சஸ்கச்சுவானில் ஹம்போல்ட் ஹொக்கி அணியின் பேருந்து, நிறுத்தற் குறியைத் தாண்டி வந்த ட்ரக்குடன் மோதி 16 பேர் இறந்தார்கள். ட்ரக் சாரதி இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்; வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன; சுமார் இரண்டு வாரம் உடன் ஒருவர் இருந்த பிறகு தனியே அனுப்பப்பட்டிருந்தார். அவர் சிறை சென்றார். பதிவேட்டு விதிகளை மீறியதற்காக நிறுவன உரிமையாளருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. உரிமம் கிடைத்த நாளையும் தனியே அனுப்பும் நாளையும் ஒன்றாக நினைக்கிறவர்கள் இந்த வழக்கை ஒரு முறை வாசிக்க வேண்டும்.

ஊர்ச் சாரதிக்கு இங்கே எது கடினம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவர் வீதியின் இடப்பக்கம் ஓடிப் பழகியவர். பின்னுக்கு எடுக்கும்போது கிளீனர் இறங்கி நின்று தட்டிச் சொல்வார். இங்கே 53 அடி டிரெயிலரை இரண்டு கண்ணாடிகளை மட்டும் பார்த்து, தனியே, வேறு இரண்டு டிரெயிலர்களுக்கு நடுவே செருக வேண்டும். ஒரு நாளில் 13 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்ட முடியாது, 14 மணித்தியாலத்துக்கு மேல் கடமையில் இருந்த பிறகு ஓட்ட முடியாது என்பதை எலக்ரோனிக் பதிவுக்கருவி காட்டிக்கொடுக்கும்; ‘கொஞ்ச தூரந்தானே’ என்பது அதற்குப் புரியாது. அந்த மீறல் சாரதியின் பெயரோடு நில்லாமல் நிறுவனத்தின் பாதுகாப்பு வரலாற்றைக் காட்டும் உங்கள் சிவிஓஆர் பதிவிலும் ஏறும்.

முதல் குளிர்காலத்தில் அனுபவமுள்ள ஒருவரைக் கூட அனுப்புங்கள். டிரெயிலரைக் கொளுவிய பிறகு, அதன் பிரேக்கை விடாமல் மெதுவாக முன்னுக்கு இழுத்துப் பார்க்கச் செய்யுங்கள். இழுப்பு பிடித்தாலும், ஜனவரி இருட்டில் உறைந்த தரையில் முழங்காலிட்டு, ஐந்தாம் சில்லின் (ட்ரக்கின் பின்னாலுள்ள இணைப்புத் தட்டின்) தாடை, டிரெயிலரின் அடியிலுள்ள கிங்பின் என்ற முளையைச் சுற்றிப் பூட்டியிருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கிங்பின் தாடைக்குள் பூட்டாமல் மேலே ஏறி நின்றதை நான் ஒரு முறை நேரில் பார்த்தேன். இழுப்புச் சோதனை அன்று சரியாகத்தான் இருந்தது. காற்றுத் தாங்கிகளின் அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடுவது, உறைந்த காற்றுக் குழாயை எப்படி இளக்குவது, 402ஆம் நெடுஞ்சாலையில் ஹியூரன் ஏரிப் பனி திரைபோல இறங்கும்போது எங்கே ஒதுங்குவது ஆகியவற்றைப் பயிற்சிப் பள்ளிகள் வாயால்தான் சொல்கின்றன. கூடச் சென்றவர் கையெழுத்திட்டு, இனித் தனியே விடலாம் என்று எழுதித் தந்த தாளைக் கோப்பில் சேர்த்த பிறகே சாவியைக் கொடுங்கள்.