முடி நடவு சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹேர் டிரான்ஸ்பிளான்ட் புது முடி எதையும் உண்டாக்குவதில்லை. நாற்றைப் பறித்து நடுவதுபோல், பின்மண்டையில் இருப்பதை எடுத்து முன்னால் நடுகிறார்கள், அவ்வளவுதான். பிடரியிலும் காதுக்கு மேலும் உள்ள முடி பரம்பரை வழுக்கைக்கு லேசில் அசையாது. இடம் மாற்றி நட்டாலும் அந்தக் குணம் கூடவே வரும். ஆனால் நாற்றங்காலில் அடுத்த பருவத்துக்கு மறுபடி விதை தெளிக்கலாம். பின்மண்டையில் பறித்த இடத்தில் திரும்ப முளைக்காது. ஆயுள் முழுவதற்கும் சேர்த்து எடுக்க முடிந்தது பெரும்பாலானவர்களுக்குச் சுமார் 4,000 முதல் 6,000 கிராஃப்ட், அதாவது வேரோடு எடுக்கும் சிறு முடிக்கொத்து. இந்தக் கையிருப்பை மறந்தால் அதன் பிறகு எல்லாமே கோணலாகும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வழுக்கையில்லாத தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 70, 80 கிராஃப்ட் இருக்கும். நடும்போது 40 வைத்தாலே பார்வைக்கு நிறைவாகத் தெரியும். முன்பக்கம் 60 சதுர சென்டிமீட்டர் காலி என்றால் 2,400 கிராஃப்ட். உச்சிச் சுழியில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு வட்டமாக வழுக்கை விழுந்திருந்தால் அதுவே 78 சதுர சென்டிமீட்டர், அதாவது 3,100 கிராஃப்ட். இரண்டையும் சேர்த்தால் 5,500. கையிருப்பு தீர்ந்தது. அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் முகத்துக்குச் சட்டம் போடும் முன்பக்கத்தை முதலில் முடித்து, உச்சியைத் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். ‘ஒரே நாளில் தலை முழுக்க’ என்று சொல்லும் இடத்தில் பின்மண்டையை அளவுக்கு மீறிச் சுரண்டுவார்கள். பூச்சி அரித்த கம்பளிபோல் ஆகிவிட்ட பிடரியைப் பழையபடி நிரப்ப வழியில்லை.

22 வயதில் நெற்றி ஏறியதும் ஓடிப்போய்ச் செய்துகொள்வதும் இதே தவறுதான். அந்த வயதில் வழுக்கை எதுவரை போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடப் போட்டோவில் இருந்த அதே நெற்றிக்கோட்டைக் கேட்டு வாங்கி நட்டுக்கொண்டால், 40 வயதில் நட்டது முன்னால் தீவாக நிற்கும், அதன் பின்னால் சொந்த முடி கொட்டி வெற்றிடமாகும். புருவ நடுவிலிருந்து நான்கு விரற்கடை, ஏறத்தாழ 7 முதல் 8 சென்டிமீட்டர் உயரத்தில், இரு ஓரமும் சற்று உள்வாங்கிய கோடுதான் எந்த வயதிலும் முகத்தோடு ஒட்டிப்போகும். முதல் வரிசையில் ஒற்றை முடி கிராஃப்ட்டுகளாக, லேசாக முன்பின்னாக வைக்க வேண்டும். ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோடு விக் போலத் தெரியும்.

கொட்டும் முடி எல்லாம் வழுக்கையும் அல்ல. டைபாய்டு, டெங்கு போன்ற காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டும். அது தானாகவே திரும்பும். தைராய்டு, இரும்புச் சத்துக் குறைவு, புழுவெட்டு இவற்றுக்கு நடவு தீர்வல்ல. தோல் மருத்துவரிடம் காரணத்தை உறுதி செய்யாமல் முன்பணம் கட்டாதீர்கள்.

விலை பேசும்போது ‘முடி’, ‘கிராஃப்ட்’ என்ற இரண்டு சொற்களைக் குழப்புவார்கள். ஒரு கிராஃப்ட்டில் 1 முதல் 4 முடி இருக்கும், சராசரி இரண்டுக்குச் சற்று மேல். ஆக, ‘ஐயாயிரம் முடி’ என்றால் 2,500 கிராஃப்ட்கூட வராது. எத்தனை கிராஃப்ட், அதில் ஒற்றை எத்தனை, இரட்டை எத்தனை என்று எழுத்தில் வாங்குங்கள். எடுத்த கிராஃப்ட் உடம்புக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் ஒரு சதவீதம் பிழைப்பது குறையும் என்பது இத்துறையில் வழங்கும் கணக்கு. காலையில் எடுத்ததை இரவு வரை தட்டில் வைத்திருக்கும் மாரத்தான் அறுவையில் எண்ணிக்கை பெரிதாக இருக்கும், முளைப்பது குறையும்.

யார் செய்கிறார்கள் என்பதைக் கேட்கத் தயங்கவே கூடாது. 2016-ல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவரே இந்தச் சிகிச்சைக்குப் பிறகு உயிரிழந்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்கள் அல்லது அறுவைப் பயிற்சி பெற்ற தோல் மருத்துவர்கள்தான் இதைச் செய்யலாம் என்கிறது. ஆபத்து பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியில் இருக்கிறது. அதில் போடும், அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் மருந்துக்கு உச்ச வரம்பு கிலோவுக்கு 7 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 420 மில்லிகிராம், அதாவது 2 சதவீத மருந்தில் 21 மில்லி. காலையில் பின்பக்கம், மதியம் முன்பக்கம் என்று போடும் இரண்டையும் கூட்டிப் பார்க்காவிட்டால் வரம்பு தாண்டும். உதடு மரத்தல், காதில் இரைச்சல், பிறகு வலிப்பு என்று அது போகும். இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர், ஆக்சிஜன், அவசர மருந்துகள், அவற்றைக் கையாளத் தெரிந்த மருத்துவர் அந்த அறையிலேயே இருக்கிறார்களா என்று பாருங்கள். ஆஸ்பிரின் எடுப்பவர் அதைத் தானாக நிறுத்தக் கூடாது, இதய மருத்துவரைக் கேட்ட பிறகே. புகைப்பவர்கள் முன்னும் பின்னும் குறைந்தது இரண்டு வாரம் நிறுத்த வேண்டும். நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கினால் நட்ட இடத்துத் தோலே கருகிவிடலாம்.

வீடு திரும்பிய பிறகு முதல் 10 நாள்தான் முக்கியம். கிராஃப்ட் வேர் பிடிக்க அவ்வளவு நாள் ஆகும். முதல் ஐந்து இரவு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்குங்கள். இரண்டாம் நாளிலிருந்து நெற்றி வீங்கி இமைவரை இறங்கலாம். பயப்பட வேண்டாம், ஐந்தாறு நாளில் வடியும். தலைவழியே மாட்டும் பனியன், டி-ஷர்ட் வேண்டாம், பொத்தான் சட்டை போடுங்கள். நெற்றிக்கோட்டை ஒட்டித் திருநீறு, குங்குமம் பூச வேண்டாம். ஹெல்மெட் உரசும் என்பதால் இரண்டு வாரமாவது பைக்கைத் தொடாதீர்கள். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாம் என்பது இதற்குப் பொருளல்ல. இரண்டு நாள் கழித்து, மருத்துவர் சொன்னபடி குளிக்கத் தொடங்கும்போது ஷவரைத் திறக்காமல் ஷாம்பு நுரையை வைத்து, சொம்பால் மெதுவாக ஊற்றுங்கள். எண்ணெய், சீயக்காய் எல்லாம் ஒரு மாதம் கழித்து.

பொருக்கைப் பிய்ப்பதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தவறு. ஐந்தாம் நாள் அரிக்கும்போது விரல் தன்னையறியாமல் போகும். பொருக்கோடு வந்த முடியை வெளிச்சத்தில் பாருங்கள்: ரத்தம் வராமல் காய்ந்த பொருக்கும் முடியும் மட்டும் வந்தால் வேர் உள்ளே பத்திரமாக இருக்கிறது. ரத்தம் கசிந்தால் அந்தக் கிராஃப்ட் போய்விட்டது; சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அதே சமயம் பயந்துகொண்டு பொருக்கை இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுவைத்தால் அடியில் சீழ்க் கொப்புளம் வரும். பத்தாம் நாளுக்கு மேல் நன்றாக ஊறவிட்டு விரல் நுனியால், நகம் படாமல் வட்டமாகத் தேய்த்து எடுக்க வேண்டும். காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு, கறுத்துவரும் தோல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டாம் மாதத்துக்குள் நட்ட முடி பெரும்பாலும் கொட்டிவிடும். பணம் போயிற்று என்று பலர் அழுவது அப்போதுதான். கொட்டுவது தண்டு மட்டுமே. மூன்று, நான்காம் மாதம் மெல்லிய முளை வரும், ஆறாம் மாதம் பாதி தெரியும், முழு விளைவுக்கு 12 மாதம், உச்சிக்கு 18 மாதம்கூட ஆகும். முடி உதிர்வைக் கட்டுப்படுத்தக் கொடுக்கும் மினாக்ஸிடிலையோ ஃபினாஸ்டரைடையோ இடையில் நிறுத்தினால், நட்டது நிற்கும், சுற்றியுள்ள சொந்த முடி உதிரும். ஃபினாஸ்டரைடு சிலருக்குப் பாலுணர்வைக் குறைக்கும், ஆகவே மருத்துவர் சீட்டில்லாமல் தொடங்கவும் கூடாது.

குலதெய்வத்துக்கு மொட்டை போடலாமா என்று கேட்பார்கள். ஒரு வருடம் கழித்துத் தாராளமாகப் போடலாம். கத்தி வேரைத் தொடுவதில்லை. ஆனால் எஃப்.யு.டி முறையில் தோலைப் பட்டையாக வெட்டி எடுத்திருந்தால் பிடரியில் நீளக் கோடு தெரியும், ஒவ்வொரு கிராஃப்ட்டாகத் தனித்தனியே எடுக்கும் எஃப்.யு.ஈ முறையில் வெளிர்ந்த புள்ளிகள் தெரியும். பழனிக்கோ திருப்பதிக்கோ வேண்டுதல் உள்ளவர், முறையைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.