நாடி 44: குறைத்தது மாத்திரை மட்டும் இல்லை

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக (இதயம் தாறுமாறாகத் துடிக்கும் நோய்) பிசோப்ரோலோல் 2.5 மில்லிகிராம் ஆரம்பித்ததிலிருந்து ஒரே கிறுகிறுப்பு. இதயத் துடிப்பைக் குறைக்கும் ‘பீட்டா பிளாக்கர்’ வகை மாத்திரை அது. பசாரில் மீன் பார்க்கக் குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும். சும்மா உட்கார்ந்திருந்தாலே நாடி நிமிடத்துக்கு வெறும் 44. மலேசியாவின் சுங்கை சிப்புட் வெயில்தான் காரணமோ என்று இளநீர் குடித்துப் பார்த்தேன். டாக்டர் மாத்திரையை இரவுக்கு மாற்றினார். பிரஷர் மெஷின் மீதும் சந்தேகம். தாறுமாறாக ஓடும் நாடியை அது தப்பாகக் காட்டுவதுண்டு. மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன். அதே 44தான்.

அப்புறம் கிளினிக் மருந்தாளர், வீட்டிலுள்ள மருந்து எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். மாத்திரைகளை ஒதுக்கிவிட்டுக் கண் சொட்டு மருந்துக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். கண் அழுத்தத்துக்காக வேறு ஆஸ்பத்திரியில் கொடுத்த டிமொலோல். அதுவும் பீட்டா பிளாக்கராம்! கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலந்துவிடும். ஆஸ்பத்திரி இரண்டு, அட்டையும் இரண்டு. யார் கண்ணில் படும்?

பிசோப்ரோலோலை நிறுத்தவில்லை, திடீரென்று விட்டால் துடிப்பு எகிறும். கண் டாக்டர்தான் சொட்டு மருந்தை, பீட்டா பிளாக்கர் அல்லாத லட்டனோபுரோஸ்ட்டாக மாற்றிக் கொடுத்தார். இப்போது நாடி 58. கிறுகிறுப்பு போய்விட்டது, பெரிய நிம்மதி.