ஃபெரெட் வாடைக்குக் குளியல் மருந்தல்ல

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஜனவரிப் புழுக்கம் தொடங்கிவிட்டால், கீரி போன்ற சிறு வளர்ப்பு விலங்கான எங்கள் வீட்டு ஃபெரெட்டின் வாடை வாசலிலேயே வந்து வரவேற்கும். முதலில் வாரந்தோறும் குளிப்பாட்டினேன், அதுதான் தவறு. சோப்பு தோலின் எண்ணெயை எடுத்துவிட, உடல் கூடுதலாகச் சுரந்து வாடை இன்னும் ஏறுகிறது. மாதம் ஒரு குளியலே அதிகம்.

பெரும்பாலும் நாறுவது அது சுருண்டு படுக்கும் துணிதான். முகர்ந்து பாருங்கள், மஞ்சள் பிசுக்கோடு இருக்கும். நான்கு நாளுக்கு ஒருமுறை, வாசனை சேர்க்காத சோப்பில் துவைத்து வெயிலில் காயப்போடுகிறேன். கழிவுத் தட்டைத் தினமும் அள்ள வேண்டும். அதில் காகித உருண்டைகள் போடுங்கள். பைன், சிடார் மரச்சீவல் அதன் மூச்சுக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். (இதை அம்மாவுக்குப் புரியவைக்க ஒரு மாதம் ஆனது.) ஆண் ஃபெரெட்டுக்குக் கருத்தடை செய்தால் வாடை கணிசமாகக் குறையும்.