ஸ்பானிஷ் பிரதிப்பெயர்கள்: தமிழர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பானிஷ் படிக்கும் தமிழர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் வழியாகத்தான் அதற்குள் நுழைகிறோம். ஆனால் பிரதிப்பெயர்களைப் (நான், நீ, அது போன்ற சொற்கள்) பொறுத்தவரை ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழில் யோசித்தாலே பல தவறுகள் வராது. அதற்குப் பிறகும் வருபவை தமிழ்ப் பழக்கத்தால் வருபவை.

'யோ' என்றால் நான். "யோ ஆப்லோ, யோ கோமோ" (நான் பேசுகிறேன், நான் சாப்பிடுகிறேன்) என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் அதைப் போடுவது ஆங்கிலப் பழக்கம். "பேசுகிறேன்" என்றாலே பேசுவது யார் என்று தெரிகிறதல்லவா? 'ஆப்லோ'வும் அப்படித்தான். 'யோ' சேர்த்தால் "நான்தான் பேசுகிறேன்" என்ற அழுத்தம் வந்துவிடும்.

அடுத்தது பிடித்தம். "எனக்குக் காபி பிடிக்கும்" என்பது "மே குஸ்தா எல் கஃபே". 'மே' என்றால் எனக்கு, எழுவாய் காபி. அச்சு அசல் தமிழ் அமைப்பு. தலைவலிக்கும் இதே கதைதான்: "மே துவேலே லா கபேசா", எனக்குத் தலை வலிக்கிறது. இவ்வளவு அருகில் இருந்தும் "யோ குஸ்தோ எல் கஃபே" என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்டால் வருத்தமாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஒரு புத்தகமோ பல புத்தகங்களோ, தமிழில் 'பிடிக்கும்' மாறாது. ஸ்பானிஷில் பன்மை வந்தால் "மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்" என்று வினையும் மாறும்.

தமிழ் நம்மைக் கவிழ்க்கும் பெரிய இடம் செயப்படுபொருள். "ரொட்டியை வாங்கினாயா?" என்றால் "வாங்கினேன்" என்று முடித்துவிடுவோம். ஸ்பானிஷில் வெறும் "கொம்ப்ரே" போதாது; "லோ கொம்ப்ரே", அதாவது 'அதை வாங்கினேன்' என்று சொல்ல வேண்டும். ஸ்பானிஷில் ரொட்டி ஆண்பால் என்பதால் 'லோ'. குடிக்கும் பால் என்றால் "லா கொம்ப்ரே", ஏனென்றால் அந்தச் சொல் அங்கே பெண்பால். நமக்கு இரண்டுமே 'அது' என்பதால் எல்லாவற்றுக்கும் 'லோ' போட்டுவிடுகிறோம். பெயர்ச்சொல்லை அதன் முன்னால் வரும் 'எல்' (ஆண்பால்), 'லா' (பெண்பால்) சேர்த்தே மனப்பாடம் செய்தால் இது தானாகச் சரியாகும்.

'எனக்கு', 'அதை' இரண்டும் சேர்ந்து வந்தால் வரிசை நம்முடையதேதான்: "மே லோ தா", எனக்கு அதைத் தருகிறான். 'அவனுக்கு' என்பதற்கான 'லே' மட்டும் 'லோ'வுக்கு முன்னால் நிற்காது, 'ஸே' ஆகிவிடும். "லே லோ தோய்" தவறு, "ஸே லோ தோய்" (அவனுக்கு அதைத் தருகிறேன்) சரி. கட்டளையிட்டால் "தாமெலோ" (எனக்கு அதைத் தா) என்று வினையின் வாலில் ஒட்டும். மறுத்தால் "நோ மே லோ தெஸ்" என்று முன்னால் போய்விடும். 'பார்க்க விரும்புகிறேன்' போன்ற இடத்தில் "லோ கியேரோ வேர்", "கியேரோ வேர்லோ" இரண்டும் சரி. நடுவில் நுழைத்து "கியேரோ லோ வேர்" என்பது மட்டும் கூடாது.

'என்னோடு' என்பதற்கு "கோன் மீ" என்று யாரும் சொல்வதில்லை. அது "கொன்மீகோ", உன்னோடு "கொந்தீகோ".

மரியாதைக்கு வருவோம். 'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' மரியாதையாக ஒருவரை அழைப்பது. நம் 'நீங்கள்' ஒருவருக்கும் பலருக்கும் பொது; ஆனால் 'உஸ்தெதெஸ்' பலருக்கு மட்டுமே. 'உஸ்தெத்'துடன் வருவது படர்க்கை வினை, "உஸ்தெத் ஆப்லா". "உஸ்தெத் ஆப்லாஸ்" என்பது பிழை. இதைவிட உறுத்துவது பாதியில் மாறுவது. 'உஸ்தெத்' என்று தொடங்கிவிட்டு அடுத்த வாக்கியத்தில் 'தே' (உனக்கு) போட்டால், "நீங்க உட்காருங்க, உனக்குக் காபி தரேன்" என்று சொன்ன மாதிரி இருக்கும்.

ஊருக்கு ஊர் வழக்கமும் வேறு. ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்து 'வொஸோத்ரோஸ்' (நீங்கள்) என்பார்கள். லத்தீன் அமெரிக்காவில் எல்லோருக்கும் 'உஸ்தெதெஸ்'தான். அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் 'தூ'வின் இடத்தில் பெரும்பாலும் 'வோஸ்' நிற்கும். கொலம்பியாவின் பொகோதாவில் வீட்டுக்குள்ளேகூட 'உஸ்தெத்' சகஜம். புது இடத்தில், பெரியவர்களிடம் 'உஸ்தெத்' என்றே தொடங்குங்கள். 'தூ' போதும் என்றால் அவர்களே சொல்வார்கள்.